எட்ட வட்டம், கிட்ட மழை

மூன்று வருடத்துக்கு முன் ஊரூர் ஒல்காட் குப்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘மார்கழி அதிகாலையில், கடலிலிருந்து வீசிய குளிர்ந்த தென்றலில், கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன’ என்று அது தொடங்கும். எழுதி முடித்ததும் அந்த வரியை நானே நாலு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது. நண்பர்களும் அந்த வரியைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து பெசன்ட் நகர் டீக்கடையில் குப்பத்துப் பையன் ஒருவன் என்னைப் பிடித்தான். காலேஜ் கடைசி வருடம் படிக்கிறான். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார்.

"கட்டுரை படிச்சேண்ணா. நல்லா இருந்துச்சு. ஒரு டவுட்டு. மார்கழில எங்கண்ணா தென்றல் அடிக்குது?"

சிரித்து மழுப்பினேன். அவன் விடவில்லை.

"அதுவும் விடிகாலைல கடல்லேந்து காத்து எப்டிண்ணா வரும்? அது நம்ம பக்கத்துலேந்து உள்ள போற காத்தாச்சே. அதப் புடிச்சுதான் அந்தக் காலத்துல பாய் கட்டிப் போவாங்கன்னு எங்க தாத்தா சொல்லும்."

எட்டாம் வகுப்பு பூகோளம்தான். ராத்திரி முழுக்க நிலம் வேகமாகக் குளிரும், கடல் மெதுவாகக் குளிரும், அதனால் விடியலில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். மதியத்துக்கு மேல் அது திரும்பும். காலையில் அந்தக் காற்றில் போய், மாலையில் இந்தக் காற்றில் வருவது பாய்மரக் காலத்துக் கணக்கு. தென்றல் தெற்கிலிருந்து வருவது, இளவேனிலுக்கு உரியது. மார்கழியில் இந்தக் கரையில் இருப்பது வாடை. பொறியியல் படித்தவன், இயற்பியலில் நல்ல மார்க் வாங்கியவன், ஒரே வரியில் இரண்டு தப்பு செய்திருக்கிறேன். (மூன்றாவது ஒன்றும் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.)

தகவல் பிழை எல்லாருக்கும் வரும், திருத்திவிடலாம். என்னை உறுத்தியது வேறு. அந்த வரியில் தென்றலை எடுத்துவிட்டு வாடையைப் போட்டாலும் கட்டுரையில் ஒன்றும் மாறாது. கொண்டலைப் போட்டாலும் மாறாது. நாங்கள் கோட் எழுதும்போது ஒரு வேரியபிளை அறிவித்துவிட்டு எங்கேயும் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலர் மஞ்சள் கோடு போட்டுக் காட்டும். என் காற்று அந்த மாதிரிக் காற்று. இருக்கிறது, எதற்கும் இல்லை. அதற்கப்புறம் தமிழில் எதைப் படித்தாலும் அதிலுள்ள மழையும் வெயிலும் எங்கேயாவது பயன்படுகிறதா என்று தேட ஆரம்பித்தேன். இது ஒரு கெட்ட பழக்கம். நல்ல கதைகளைக்கூட நிம்மதியாகப் படிக்க விடாது.

அடுத்த வருடம் ஆபீஸ் என்னை நான்கு மாதம் கனடாவின் வின்னிபெக்குக்கு அனுப்பியது. ஜனவரியில். சராசரியே மைனஸ் 16 பக்கம் இருக்கும் ஊர். 1879 டிசம்பரில் மைனஸ் 47.8 வரை போயிருக்கிறது. நம் நுங்கம்பாக்கத்தில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9, அதுவும் நூறு வருடத்துக்கு முன்னால். எல்லாப் பக்கமும் தட்டையான புல்வெளி நிலம், காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. போய் இறங்கிய மறுநாள் காலை திரையை விலக்கினால் நீல வானம், கண் கூசும் வெயில். ஆஹா, இன்னிக்கு நல்லா இருக்கே என்று ஒரு ஸ்வெட்டரோடு கீழே இறங்கினேன். மூக்கினுள் இருக்கும் முடி உறைவதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மைனஸ் 31. அந்த ஊரில் மேகம் இருந்தால் போர்வை மாதிரி, கொஞ்சம் தேவலாம். வானம் சுத்தமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். காரின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்கும், ராத்திரி கரண்டில் சொருகி வைக்காவிட்டால் காலையில் எஞ்சின் எழாது. எங்களுடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, தொப்பி போடாமல் வெளியில போகாதேங்கோ, காது கழண்டிடும்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

எனக்குப் பனி என்றால் சினிமாப் பாட்டு. சுவிட்சர்லாந்து, ஷிஃபான் புடவை, கோட்டு போட்ட ஹீரோ. அதற்கும் முன்னால், அப்பாவின் அலமாரியில் இருந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்கள். தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறை பனியை முதலில் பார்த்தது ரஷ்யத் தமிழில்தான். செகாவின் ‘துயரம்’ கதையில் வண்டிக்காரன் அயோனா முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பான், அவன் மேல் பனி படிந்துகொண்டே இருக்கும், உதறக்கூட மாட்டான். அந்தப் பனி சும்மா இல்லை. மகனைப் பறிகொடுத்த ஒருவன் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்திருக்கிறான் என்பதை அளந்து காட்டுகிறது. ஆனால் நான் சின்ன வயதில் அதைப் படித்தபோது மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்குமே, அந்தப் பனி என்று நினைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது மட்டுமில்லை. முன்பனி, பின்பனி என்று நாம் பருவத்துக்குப் பெயர் வைத்தது பனித்துளியை வைத்து. பிறகு மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு, பனிக்கட்டி எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லின் தலையிலேயே ஏற்றினோம். பாவம், எவ்வளவுதான் தாங்கும். யாழ்ப்பாணத்து அண்ணர் ‘ஸ்னோ கொட்டுது’ என்றுதான் சொல்வார். தமிழ்ப் பற்று குறைந்தவர் இல்லை. எது ஸ்னோ, எது ஐஸ் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விடும்.

வின்னிபெக்கின் நூலகத்தில் லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய ‘தி லாங் வின்ட்டர்’ கிடைத்தது. 1940இல் வந்த புத்தகம், பிள்ளைகளுக்கு எழுதியது. கதை நடப்பது எல்லைக்குத் தெற்கே, டகோட்டாவின் டி ஸ்மெட் என்ற சிற்றூரில், 1880-81 குளிர்காலத்தில். அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கிவிடுகிறது. ஒரு கட்டத்தில் தண்டவாளம் புதைந்து ரயில் நின்றுவிடுகிறது. ரயில் நின்றால் நிலக்கரி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மாவு இல்லை. வைக்கோலை முறுக்கி முறுக்கி விறகுக் குச்சி மாதிரி செய்து எரிக்கிறார்கள். விதைக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கையளவு மிஷினில் அரைத்து ரொட்டி சுடுகிறார்கள். அந்த மிஷினில் ஒரு வேளைக்கு அரைத்து முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும், அதனால் வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் அரைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா ஒரு சட்டைப் பொத்தானையும் துணியையும் வண்டி மசகையும் வைத்து விளக்கு செய்கிறாள்.

இந்தப் புத்தகத்தில் குளிரைப் பற்றிய உவமை குறைவு. குளிர் என்ன செய்தது என்பதுதான் இருக்கிறது. வைக்கோல் முறுக்கி லாராவின் உள்ளங்கை வீங்கி வெடிக்கிறது. அப்பா பிடில் வாசிக்க எடுத்தால் விரல் வளையவில்லை. பிடில் வாசிக்க முடியாத அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது, பசி வரும் இடங்களில் இல்லை. பின்பாதி ‘ஒரே மாதிரி இருக்கு, ஒரு புயல், ஒரு நாள் வெயில், திரும்பப் புயல்’ என்று நண்பன் ஒருவன் பாதியில் மூடிவிட்டான். என்னைக் கேட்டால் அந்த அலுப்புதான் புத்தகத்தின் சாதனை. ஏழு மாதக் குளிர்காலத்தை விறுவிறுப்பாக எழுதியிருந்தால் அது பொய்.

ஆனால் அதில் ஒரு காட்சி என்னை நேராகக் குத்தியது. குளிர் தொடங்குவதற்கு முன் கடைக்கு ஒரு கிழவர் வருகிறார், அந்த மண்ணின் பூர்வகுடி. ஏழு வருடத்துக்கு ஒரு முறை கடுங்குளிர் வரும், மூன்று ஏழு கூடும் வருடம் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கும், இதோ வருகிறது என்று கொச்சை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். லாராவின் அப்பா நம்பி, குடும்பத்தை ஊருக்குள் மாற்றுகிறார். பிழைக்கிறார்கள். கிழவருக்குப் பெயர் இல்லை. அதற்கப்புறம் அவர் கதையில் வரவே இல்லை. அதே குளிர்காலத்தை அவரும் எங்கேயோ கழித்திருப்பார் அல்லவா? எதை எரித்தார், என்ன தின்றார்? அதைக் கேட்கப் புத்தகத்துக்குத் தோன்றவில்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கையைப் பார்க்கும் எழுத்து, அவரிடம் மட்டும் வாயைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. பூர்வகுடிகளைப் பற்றிய இந்த மாதிரிப் பார்வைக்காகத்தான் 2018இல் அமெரிக்காவில் அவர் பெயரில் இருந்த சிறார் இலக்கிய விருதின் பெயரையே மாற்றினார்கள். அந்தப் பகுதியின் லக்கோட்டா மக்கள் வருடத்தை முதல் பனியிலிருந்து அடுத்த முதல் பனி வரை கணக்கு வைத்தவர்கள். வருடத்துக்கு ஒரு சம்பவம், ஒரு படம், தோலில் வரைந்து வைப்பார்கள். 1833 நவம்பரில் எரிகற்கள் கொட்டிய ராத்திரி அவர்களுடைய அந்த ‘குளிர்காலக் கணக்கு’களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. தேதி போட்ட பதிவேடு அது. கதையில் அது ஒரு கிழவரின் ஆரூடமாகச் சுருங்கிவிட்டது.

குத்தியதற்குக் காரணம், என் கட்டுரையிலும் அப்படி ஒரு கிழவர் உண்டு. ‘கடல் அவரிடம் ஏதோ ரகசியம் சொல்வதுபோல் அவர் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று எழுதியிருந்தேன். அவருக்கும் பெயர் வைக்கவில்லை. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

‘வெள்ளைக்காரன் குளிரை எழுதுவான், நமக்கு அது பழக்கமில்லை’ என்று இங்கே யாராவது தப்பிக்கலாம். முடியாது. நம்மிடம் நெடுநல்வாடை இருக்கிறது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடியது, 188 அடி. பள்ளியில் அதைப் ‘பாண்டியன் பாசறையில், அரசி படுக்கையில், பிரிவுத் துயர்’ என்று இரண்டு மார்க் கேள்வியாக முடித்துவிட்டார்கள். திரும்பப் படித்தால் முதல் பாதி முழுக்கக் கூதிர் காலத்தில் கைகள் என்ன செய்கின்றன என்பதுதான். வெள்ளத்துக்குப் பயந்து மாட்டை மேட்டுக்கு ஓட்டிப்போன இடையர்கள் கொள்ளிக்கட்டையோடு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். பசு, பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. ஊருக்குள் சூரியனே தெரியாததால் பெண்களுக்குப் பொழுது தெரியவில்லை. தட்டில் வைத்த பிச்சி மொட்டு விரிந்து மணக்கிறதா என்று பார்த்து, சரி, மாலையாகிவிட்டது என்று விளக்கேற்றுகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறியை மாட்டிவைத்த இடத்தில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. யாழின் நரம்பு குளிரில் சுருதி விலகுவதால் அதை மார்போடு அணைத்துச் சூடேற்றிப் பண் சேர்க்கிறார்கள். அந்த யாழையும் லாராவின் அப்பாவுடைய பிடிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வருடமும் ஒரு பெருங்கடலும். விசிறியில் கட்டிய சிலந்தி வலைக்கு ஈடாக நான் படித்த புல்வெளி இலக்கியத்தில் ஒன்றும் இல்லை.

இனி ஒரு சந்தேகம். சங்கப் பாடல்களில் முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று தொல்காப்பியம் பெரும்பொழுது வகுக்கிறது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் வகுக்கவில்லை. நெய்தலுக்கு ‘எற்பாடு’ என்று ஒரு சிறுபொழுது மட்டும். சூரியன் சாயும் நேரம். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள், ஆறு பருவமும் நெய்தலுக்கு உரியதுதான் என்று அதை நிரப்பினார்கள். எல்லாப் பருவமும் உண்டு என்பதும் பருவமே சொல்லவில்லை என்பதும் வாசகனுக்கு ஒன்றுதான்.

ஏன் இந்த இடம் காலியாக இருக்கிறது? பாடிய புலவர் கரையில் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் சுறா தாக்கிய புண் ஆறி அப்பா திரும்பக் கடலுக்குப் போய்விட்டார், அம்மா உப்பைக் கொடுத்து நெல் வாங்கப் போயிருக்கிறாள், இதுதான் சமயம் என்று காதலனுக்குச் செய்தி போகிறது. அருமையான பாட்டு. அந்த வீட்டின் வரவுசெலவு மொத்தமும் ரெண்டு வரியில் வந்துவிடுகிறது. ஆனால் அப்பா கடலுக்குள் போனதும் பாட்டு அவரை விட்டுவிடுகிறது. அவர் எந்தக் காற்றில் போனார், எப்போது திரும்புவார் என்பது அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அது தெரியாமல் ஒருத்தி அந்த ஏற்பாட்டைச் செய்யவே முடியாது.

நவீன இலக்கியத்துக்கு வந்தால், வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எனக்கு உயிர். 1977இல் வந்தது. பிலோமியை மறக்க முடியுமா? இருந்தாலும் சொல்கிறேன், அதில் கடல் பெரும்பாலும் பிலோமியின் மனசாகத்தான் இருக்கிறது. குரூஸ் மிக்கேலின் வல்லத்தை விற்பதா வேண்டாமா, வல்லமா லாஞ்சா என்ற சண்டையில் காற்றுக்குப் பங்கு குறைவு. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நேர் எதிர். மரம் உடைந்து மூன்று பேர் நடுக்கடலில் மிதந்துகொண்டிருப்பதில் தொடங்கும் நாவல். அங்கே நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது வர்ணனை இல்லை, அடுத்த பக்கத்தில் யார் உயிரோடு இருப்பார் என்ற கேள்வி. வட்டாரச் சொல் புரியாமல் முதல் ஐம்பது பக்கம் திணறினேன். பிறகுதான் புரிந்தது, அந்தத் திணறல் எனக்கு வேண்டியதுதான் என்று. நெய்தலுக்கு விட்டுப்போன பெரும்பொழுதை அந்த நாவல் போட்டு நிரப்புகிறது. அதன் குறை வேறு, அளவு தெரியாமல் எல்லாவற்றையும் அள்ளிப் போடுவது. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

ஆனால் இரண்டும் தெற்கத்திக் கடல். எங்கள் கடலின் வருடம் வேறு. சென்னையில் ‘சீசன்’ என்றால் என்ன? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கேட்டுப் பாருங்கள், டிசம்பர் கச்சேரி என்பார்கள், கேன்டீன் மெனு உட்பட. அந்தச் சீசன் தொடங்கும் நேரத்தில் நாலு கிலோமீட்டர் தள்ளிக் குப்பத்தில் போட்டை மேலே ஏற்றிக் கட்டியிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கடல் சீற்றம். வெளியே போகாத நாள் எல்லாம் வருமானம் இல்லாத நாள். ஒரே ஊர், ஒரே மாதம், ஒரு பக்கம் சீசன், ஒரு பக்கம் சீசன் இல்லை. 2015இல் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கியபோது, கச்சேரியைக் கடற்கரைக்குக் கொண்டுவந்ததைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினோம், ஆதரித்தும் எதிர்த்தும். காலண்டரைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை.

அந்தக் காலண்டர் எளிதில் கைக்கு வராது. நான் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். வருடத்தில் பாதி நாள் நீரோட்டம் வடக்கே இழுக்கும், பிறகு திரும்பித் தெற்கே இழுக்கும். எந்த வலை, எங்கே போடுவது என்பதை அது முடிவு செய்யும். கச்சான் பலமாக அடிக்கும் கோடை நாளில் மதியக் கடல்காற்று உள்ளே வரவே முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். நாம் வியர்த்து வழிந்து ‘இன்னிக்கு என்ன இவ்ளோ புழுக்கம்’ என்போம். அவர்களுக்கு அது இரண்டு காற்றின் மல்லுக்கட்டு. மழைக்கு அப்புறம் அடையாறு முகத்துவாரம் வெட்டிக்கொண்டு கடலில் கலக்கும்போது இறால் கரைப்பக்கம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. அந்த மாதங்களில் சிறு படகுக்காரர்களின் மீனுக்கு விலை கூடும். வருடங்களுக்கும் அங்கே பெயர்தான், எண் இல்லை. சுனாமி வருஷம், வெள்ளம் வந்த வருஷம், வர்தா வருஷம். லக்கோட்டாக்காரர் ஒருவர் வந்தால் உடனே தோலை விரித்துப் படம் போட ஆரம்பித்துவிடுவார்.

‘பாரம்பரிய அறிவு’ என்று சொல்லிக் கும்பிடு போட்டு ஓரமாக உட்கார வைப்பதும், அந்த அறிவைக் கேட்காமலே இருப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதில் முட்டித் தெற்கே சேர்ந்தது. நமக்கு அகலமான மெரினா கிடைத்தது. மணல் வராத ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் நடக்கும் என்று தெரிந்தவர்கள் அப்போதும் அதே கரையில் வலை காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வானிலை பற்றி நம்மூரில் அதிகம் பேர் கேட்ட வாக்கியம் எது? ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கப்படுகிறார்கள்.’ நான் அதைச் சின்ன வயதில் ரமணன் சார் டிவியில் வரும்போது கேட்டது. என் காது அந்த வாக்கியத்தைத் தாண்டி ‘பள்ளிகளுக்கு விடுமுறை’க்குக் காத்திருக்கும். என் நாளை முடிவுசெய்யும் வாக்கியம் அது. முந்தைய வாக்கியம் யாருடைய நாளை முடிவு செய்கிறது என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

வின்னிபெக்கில் கடைசியாகப் படித்தது சின்க்ளேர் ராஸின் ‘தி பெயின்டட் டோர்’ என்ற சிறுகதை. 1939. சஸ்காச்சுவான் பக்கத்துக் கனடியப் புல்வெளி, தனிமையில் ஒரு வீடு. கணவன் பனியில் நடந்து தன் அப்பாவைப் பார்க்கப் போகிறான். புயல் வரப்போகிறது. மனைவி தனிமையைப் போக்கச் சமையலறைக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறாள். பக்கத்துப் பண்ணை இளைஞன் துணைக்கு வருகிறான். மேலே சொல்ல மாட்டேன், கடைசி வரியை யாரும் கெடுக்கக்கூடாது. புயல் வரும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்றால், முந்தின ராத்திரி நிலாவைச் சுற்றி இரட்டை வட்டம் இருந்தது. அவ்வளவுதான், போகிறபோக்கில் ஒரு பேச்சு. ஆனால் அந்த வட்டம் தெரிந்தும் அவன் கிளம்புகிறான், அது தெரிந்தும் அவள் அவன் வரமாட்டான் என்று நம்புகிறாள். முழுக் கதையும் அந்த வட்டத்தில் தொங்குகிறது.

படித்ததும் பாட்டி ஞாபகம். ‘கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை.’ மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு சொல்வாள். நிலாவை ஒட்டினாற்போல் வட்டம் இருந்தால் மழை தூரத்தில், விலகிப் பெரிதாக இருந்தால் பக்கத்தில். இதில் நிஜமாகவே அறிவியல் இருக்கிறது. ஒட்டிய சின்ன வட்டம் மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. பெரிய வட்டம் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேகத்தின் பனிப்படிகங்கள் ஒளியை 22 டிகிரி வளைப்பதால் வருவது. அந்த உயர மேகம் பல சமயம் புயலுக்கு முன்னால் ஓடிவரும் கட்டியக்காரன். அதாவது, வின்னிபெக்கில் நான் மூச்சில் இழுத்த அதே ஐஸ், மே மாதச் சென்னையிலும் தலைக்கு மேலே எப்போதாவது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வின்னிபெக்கில் அது தரையில் கிடக்கிறது, நமக்குக் கொஞ்சம் உயரத்தில். அந்த ஊரில் ஒரு காலை சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொய்ச் சூரியன் பார்த்தேன். அதுவும் இதே சமாசாரம்.

போன நவம்பரில் ஒரு ராத்திரி, பெசன்ட் நகர் கரையில் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெரிய வட்டத்தைப் பார்த்தேன். ஃபோனில் மழைக்கு இருபது சதவீதம்தான் போட்டிருந்தது. குப்பத்துப் பக்கம் போனால் அந்தப் பையனின் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் போட்டைத் தள்ளி மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குள் இருந்த பழைய கட்டுரையாளன் துள்ளி எழுந்தான்.

"வட்டத்தப் பாத்துட்டா ஏத்துறீங்கண்ணா?"

"அதுவும் பாத்தேன். சாயங்காலமே காத்து ஒரு மாதிரி மாறுச்சு. பையன் விண்டில காமிச்சான், அதுலயும் நாளான்னிக்கு ஒரு மாதிரிதான் கீது."

நாங்களும் ஒரு கை கொடுத்தோம். என் கை கொடுத்ததில் பெரிய பலன் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மழை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கடல் சாதுவாக இருந்தது. மூன்றாம் நாள் டீக்கடையில் அவரைப் பார்த்ததும், கொஞ்சம் தயங்கி, "மழ வரவே இல்லியேண்ணா" என்றேன்.

"வர்லன்னா நல்லதுதான?" டீயை ஆற்றினார். "ஏத்துனா ஒரு நாள் முதுகு வலிக்கும். ஏத்தாம வந்துச்சுன்னா போட்டு பூடும், எஞ்சின் பூடும். லட்சக் கணக்கு தம்பி. நீ எது பண்ணுவ?"

ஆபீஸில் இதையே ஒரு கன்சல்டன்ட் வந்து நாற்பது ஸ்லைடில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி பழைய கட்டுரையைத் திறந்தேன். தென்றலை எடுத்தேன். கடலிலிருந்து வீசிய என்பதை எடுத்தேன். ரகசியம் கேட்கும் கிழவரை முழுசாக வெட்டினேன். ‘மார்கழி அதிகாலையில் கரைக்காற்று கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்துக் கடல் அடங்கியிருந்ததால் கட்டுமரங்கள் கிளம்பின’ என்று மாற்றிப் பையனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"இப்ப ஓகேண்ணா. ஆனா கட்டுமரம்னே போட்ருக்கீங்க. அது ஃபைபர் போட்டுண்ணா. எங்க அப்பாது ஒம்போது புள்ளி ஒம்போது எச்.பி. எஞ்சினு. நீங்கதான அன்னிக்குத் தள்ளுனீங்க?"